ராமநாதபுரம் கடற்கரையில் படகுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறை நெருங்கினால் போதும், மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் சொந்தக்காரர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் போன் போட்டு ஒரே மாதிரி கேட்கிறார்கள்: "உங்க ஊர்ல தீவுக்கெல்லாம் படகு விடுறாங்களாமே, எங்க ஏறணும்?" எங்கே ஏறுவது என்பது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. எந்த மாதம் என்பது முதலில், எந்தக் கடல் என்பது அடுத்தது. இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

எந்தக் கடலா? ராமநாதபுரத்தில் இருப்பது ஒரே கடல்தானே?

இல்லை, இரண்டு. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு மாவட்டத்தில் இருக்கிறது, அதுவும் இரண்டு பக்கமாக. தொண்டி, தேவிபட்டினம், பிரப்பன்வலசை வழியாக மண்டபத்தின் வடகரை வரை பாக் விரிகுடா. மூக்கையூர், வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை, சேதுக்கரை வழியாக மண்டபத்தின் தென்கரை வரை மன்னார் வளைகுடா. மண்டபத்தில் நிலம் ஒடுங்கி, ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு நடந்தே போய்விடலாம். மீனவர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்கிறார்கள். தனுஷ்கோடிப் பக்கம் பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வார்கள்.

இரண்டும் ஒரே நாளில் ஒரே மாதிரி இருப்பதில்லை. வடகடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர்கூட இருக்காது. காற்று அடித்தால் அலை உயரமாக எழாது, ஆனால் நெருக்கி நெருக்கி அடிக்கும், படகு குலுங்கிக்கொண்டே போகும். தென்கடலில் ஆழ்கடலின் அலை உள்ளே வரும். தீவுகளும் பவளப்பாறைகளும் அதைத் தடுத்து நிறுத்துவதால் தீவுக்கும் கரைக்கும் நடுவே ஓரளவு அமைதி கிடைக்கிறது.

அப்படியானால் எந்த மாதம் வரலாம்?

இரண்டு கடலும் ஒருசேர ஒத்துழைக்கும் மாதங்கள் பிப்ரவரியும் மார்ச்சும். மழை ஓய்ந்திருக்கும், வாடைக்காற்று தணிந்திருக்கும், தென்மேற்குக் காற்று இன்னும் தொடங்கியிருக்காது. தண்ணீரும் தெளிந்து கிடக்கும். நாள் குறிக்க உங்கள் கையில் உரிமை இருந்தால் மாசி, பங்குனியை விடாதீர்கள்.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. கச்சான், சோழகம் என்று எங்கள் பக்கம் சொல்வது இதைத்தான். இந்த மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கும், தீவுப் பயணம் பல நாள் நடக்காது. வடகடல்தான் கை கொடுக்கும். அக்டோபர் முதல் ஜனவரி வரை நேர்மாறு: வாடை வடகிழக்கிலிருந்து அடிப்பதால் வடகடல் கலங்கி நிற்கும், தென்கடல் நிலத்தின் மறைவில் தணிந்திருக்கும். ஆனால் அது புயல் காலமும் கூட. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது மார்கழியில்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வருகிறவர்கள் படகுப் பயணத்தை நம்பி மட்டும் டிக்கெட் போட வேண்டாம்.

எந்த மாதமானாலும் காலைதான் நல்லது. பகல் ஏற ஏறக் கடற்காற்று வலுக்கும். காலை 7 மணிக்குக் கண்ணாடியாகக் கிடந்த கடல் மதியம் 2 மணிக்கு வேறு ஆளாகிவிடும்.

ஆடி மாதம் வந்தேன், வடகடல் குளம் மாதிரி கிடந்தது. அப்படியிருந்தும் துடுப்புப் படகு தர மறுத்தார்கள். ஏன்?

மறுத்தவருக்கு நன்றி சொல்லுங்கள். இந்தக் கரையில் வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடாத ஆபத்து இதுதான்.

ஆடியில் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. வடகரையில் நிற்கிறவருக்கு அது முதுகுப் பக்கமிருந்து, நிலத்தின் மேலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத் தண்ணீருக்குக் காற்று படாத மறைவு கிடைப்பதால் அலையே இருக்காது. துடுப்புப் படகில் ஏறி இருநூறு மீட்டர் போனதும் அந்த மறைவு போய்விடும். அப்புறம் காற்று உங்களைத் தள்ளிக்கொண்டே போகும். போகும்போது "நல்லா வேகமாப் போறோமே" என்று தோன்றும். திரும்பிக் கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டால்தான் நிலைமை விளங்கும். கரையில் நின்று பார்த்தால் ஒரு அடையாளம் உண்டு: ஓரத்தில் தண்ணீர் வழுவழுப்பாகவும் கொஞ்சம் தள்ளி வெள்ளை நுரை தெறித்தும் இருந்தால் துடுப்புப் படகில் ஏறவே கூடாது. பயிற்சியாளர் கூட வந்தாலும் கரையை ஒட்டியே போகச் சொல்லுங்கள்.

சரி, எங்கே ஏறுவது?

முறையாகப் பயணிகளை ஏற்றும் இடங்களில் எனக்குப் பிடித்த நான்கைச் சொல்கிறேன்.

குந்துகால். பாம்பனுக்குத் தெற்கே, தென்கடல் ஓரம். சிகாகோ சென்று திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கொழும்பு வழியாக வந்து கரை இறங்கிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது. இங்கிருந்து வனத்துறை குருசடைத் தீவுக்குப் படகு நடத்துகிறது. கடல்வாழ் உயிரினங்களைப் படிப்பவர்களின் சொர்க்கம் என்று பெயர் வாங்கிய தீவு அது. ஒரே ஒரு பயணத்துக்குத்தான் நேரம் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள்.

காரங்காடு. தேவிபட்டினம் தாண்டித் தொண்டி போகும் வழியில், வடகடல் ஓரம். அலையாத்திக் காட்டுக்குள் வாய்க்கால் வாய்க்காலாகப் படகு போகும். ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்துகிறார்கள், சமையல்கூட ஊர்ப் பெண்கள் கைதான். அலைக்குப் பயப்படுகிறவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஏற்ற இடம். குளிர்காலக் காலையில் பறவைகள் நிறைய இருக்கும். மரத்தடியில் சேற்றிலிருந்து ஈட்டி நட்டதுபோல் மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வேர் மூச்சு விடுகிறது என்றால் நம்ப மாட்டார்கள், படகோட்டி அண்ணனிடமே கேட்கச் சொல்லுங்கள்.

பிச்சைமூப்பன்வலசை. ஏர்வாடி அருகே, தென்கடல். கடலுக்குள் ஒரு மணல் திட்டு, சுற்றிலும் கடற்புல்லும் பவளமும். கூட்டம் குறைவு.

பிரப்பன்வலசை. வடகடலில் துடுப்புப் படகு கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கான இடம். மேலே சொன்ன காற்று விஷயத்தை மறக்க வேண்டாம்.

கட்டணமும் நேரமும் மாறிக்கொண்டிருக்கும். புறப்படும் இடத்தில் பலகை பார்த்து, சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுங்கள். நடுவில் வந்து பேரம் பேசுகிறவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

21 தீவு இருக்கிறதாமே, எல்லாவற்றிலும் இறங்கலாமா?

இறங்க முடியாது. மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாக இருக்கும் அந்த 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அழைத்துப் போகும் இடம் தவிர மற்றதில் அனுமதியில்லாமல் கால் வைப்பது குற்றம். அவற்றில் பெரியது மண்டபத்துக்கு நேரே இருக்கும் முயல் தீவு. கரையில் நின்றே பார்க்கலாம்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் போனதும் தீவின் மண் அரித்தது. கீழக்கரைக்கு நேரே இருந்த பூவரசன்பட்டித் தீவும், தூத்துக்குடிப் பக்கம் விலங்குசல்லித் தீவும் இன்று தண்ணீருக்கு மேல் இல்லை. 21 என்று எண்ணிக்கை சொல்கிறோமே தவிர, அதில் இரண்டைக் கடல் எடுத்துக்கொண்டது. மிச்சமிருக்கும் பவளமும் 2010, 2016 ஆண்டுகளின் வெப்பத்தில் வெளுத்து நிறைய செத்துப்போனது. அதனால் தண்ணீரில் இறங்கினால் பாறை மேல் நிற்காதீர்கள், பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரு விரல் அளவு கிளை வளர ஆண்டுகள் ஆகும், உங்கள் ஒரு மிதியில் போய்விடும்.

பாம்பனில் தெரிந்த மீனவர் இருக்கிறார். அவர் வள்ளத்திலேயே போய் வந்தால் என்ன?

வேண்டாம். மீன்பிடிக்கப் பதிவு செய்த படகில் பயணிகளை ஏற்ற அனுமதி கிடையாது. கடலில் சோதனைக்கு நிறுத்தினால் உங்களை எச்சரித்து அனுப்பிவிடுவார்கள். படகுக்காரருக்கோ பதிவு, டீசல் மானியம், கடலுக்குப் போக மீன்வளத்துறை கொடுக்கும் டோக்கன் எல்லாவற்றிலும் சிக்கல் வரும். ஒரு சம்மாட்டியின் (படகுச் சொந்தக்காரரின்) வீட்டுச் சாப்பாடே அந்தப் படகுதான். அவர் முகத்துக்காக "வாங்க போலாம்" என்று சொல்லலாம். கேட்காமல் இருப்பதே அவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை.

வேறு உதவி கேளுங்கள். "அண்ணே, நாளைக்குத் தென்கடல் எப்படி இருக்கும்?" என்று முந்தைய நாள் மாலை கேட்டுப் பாருங்கள். அவர் கடலைப் பார்க்க மாட்டார், மேற்கே வானத்தைப் பார்ப்பார், கொடி பறக்கும் திசையைப் பார்ப்பார். "கச்சான் ஏறுது, காலைல எட்டு மணிக்குள்ள போயிட்டு வந்துருங்க" என்பார். போனில் வரும் வானிலையையும் பாருங்கள், ஆனால் ஊர்க்கடலின் அந்த ஒரு மணி நேரக் கணக்கு அவரிடம்தான் கிடைக்கும்.

கச்சத்தீவுக்கோ தனுஷ்கோடி தாண்டி மணல் திட்டுகளுக்கோ படகு உண்டா?

சுற்றுலாவாகப் போக முடியாது. 1974 ஒப்பந்தப்படி கச்சத்தீவு இலங்கையின் பக்கம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அங்குள்ள அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு, முன்கூட்டியே பெயர் பதிந்து அனுமதி பெற்றவர்கள் மட்டும் ராமேஸ்வரத்திலிருந்து போகிறார்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு அப்பால் உள்ள திட்டுகள் பாதுகாப்புப் பகுதி. யாராவது "ரகசியமா கூட்டிட்டுப் போறேன்" என்றால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

பாம்பன் பாலத்துக்கு அடியில் படகில் போக முடியுமா?

பாலத்தைப் பார்க்கக் கரைதான் நல்ல இடம். 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய ரயில் பாலம் தெரியும். 1914இன் பழைய ரயில் பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து எழும்படி இருந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே மேலே போகும். பெரிய படகுகள் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குக் கடக்கப் பாலம் எழும் நாளைக் காத்திருந்து வரிசையாகப் போகும், கிடைத்தால் விடாதீர்கள். அந்தக் கால்வாயில் நீரோட்டம் பலமானது. சின்னப் படகில் வேடிக்கை பார்க்கப் போகும் இடம் இல்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தால் எல்லாம் மூடிக் கிடக்குமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். வள்ளமும் நாட்டுப்படகும் போய்க்கொண்டிருக்கும். வனத்துறைப் படகுக்கும் இந்தத் தடைக்கும் சம்பந்தம் இல்லை, காற்றுதான் அதை நிறுத்தும்.

உண்மையில் கரையில் நடக்கும் வேலைகளைப் பார்க்க அது அருமையான நேரம். விசைப்படகுகளைக் கரையேற்றி வைத்திருப்பார்கள். படகு கட்டும் தச்சரான ஓடாவி பலகையைத் தட்டிச் சோதித்துக்கொண்டிருப்பார், ஒருவர் இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைப்பார், இன்னொருவர் வர்ணம் பூசுவார். பனைமர நிழலில் வலை பொத்துகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மீன் விலை மட்டும் கூடியிருக்கும்.

மீனவர்கள் வேலை செய்வதைப் பார்க்க ஆசை. இடைஞ்சலாக நினைப்பார்களா?

நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தது. இது வேடிக்கை காட்டும் கடற்கரை இல்லை, ஒவ்வொரு அடியும் யாரோ ஒருவருடைய வேலையிடம். விரித்துக் கிடக்கும் வலையைத் தாண்டாதீர்கள், மிதிக்காதீர்கள். சுற்றிப் போங்கள்.

ராமேஸ்வரம், பாம்பன் வடகடலில் விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் கிழமை பிரித்து வைத்திருக்கிறார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகு கடலுக்குப் போகும் நாட்கள், மறுநாள் காலை கரை திரும்பும். கிறிஸ்தவ மீனவர் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை, முஸ்லிம் மீனவர் ஊர்களில் வெள்ளிக்கிழமை பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் வெறும் கரையைப் பார்த்துத் திரும்ப வேண்டியதில்லை. ஏலக் கரையில் நண்டு, கணவாய், விளமீன், பாறை மீன் என்று தனித்தனியாகக் குவித்திருப்பார்கள். கோழித் தீவனத்துக்குப் போகும் கழிவு மீனான சங்காயம் ஒரு பக்கம் மலையாகக் கிடக்கும். ஏலம் முடிந்ததும் பெண்கள் கூறு போட்டு விற்பார்கள், அதில் வாங்குங்கள். வாங்கிவிட்டுப் பேச்சுக் கொடுத்தால் அவர்களே எல்லாம் சொல்வார்கள்.

தென்கடல் ஓரம், சின்னப்பாலம் போன்ற ஊர்களில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பார்க்கலாம். முகத்தில் கண்ணாடி, விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றியிருக்கும், இடுப்பில் சாக்கோ வலைப்பையோ கட்டியிருப்பார்கள். பாறை அறுக்கும் என்பதால்தான் அந்தத் துணி. மூச்சைப் பிடித்து மூழ்கி, ஒரு கைப்பிடி மரிக்கொழுந்துப் பாசியோடு மேலே வந்து, பைக்குள் போட்டுவிட்டு மறுபடி மூழ்குவார்கள். மணிக்கணக்கில் இதுதான் வேலை. நனைந்த சேலையோடும் சட்டையோடும் கரையேறும் பெண்களை நோக்கிக் கேமராவை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கொதிக்கும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. கேட்டு, வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு விலகுங்கள்.

இன்னொன்று. இலங்கைக் கடற்படை மீனவர்களைக் கைது செய்த நாட்களில் துறைமுகம் வேலைநிறுத்தத்தில் இருக்கும், வீடுகளில் அழுகை இருக்கும். அன்று துறைமுகம் பக்கம் சுற்றிப்பார்க்கப் போக வேண்டாம். காரங்காட்டுக்கோ திருப்புல்லாணிக்கோ போய்விட்டு வாருங்கள்.

கடல்பசுவைப் பார்க்க முடியுமா?

பார்க்க முடிந்தால் அது பெரும் பாக்கியம், எதிர்பார்த்து வராதீர்கள். எங்கள் பக்கம் ஆவுளியா என்பார்கள். கடற்புல் மேயும் பிராணி, கூச்சம் அதிகம். அதற்காகவே 2022இல் வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். ஓங்கில் (டால்பின்), ஆமை, திருக்கை கண்ணில் படலாம். குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைக் கூட்டம் வரும்.

வயதானவர்கள், குழந்தைகள், தலைசுற்றல்?

வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். முதல் நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள். படகின் நடுவிலோ பின்பக்கமோ உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பாருங்கள், போனைப் பார்த்தால் குமட்டும். மாத்திரை போடுவதென்றால் ஏறுவதற்கு அரை மணி முன்னால், மருத்துவரிடம் கேட்டுவிட்டு. மிதவைச் சட்டையை எல்லோரும் போட வேண்டும், குழந்தைக்கு அதன் அளவில் இல்லையென்றால் ஏற வேண்டாம். இதில் வெட்கமோ தயவோ பார்க்காதீர்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படகில் ஏறி இறங்குவதுதான் சிரமம். காரங்காடு அவர்களுக்குப் பரவாயில்லை.

என்ன எடுத்துப் போவது, என்ன வாங்கி வருவது?

ஆதார் போன்ற ஏதாவது அடையாள அட்டை அவசியம், கடலோரக் காவல் சோதனையில் கேட்பார்கள். தொப்பி, முழுக்கைச் சட்டை, வீட்டிலிருந்தே தண்ணீர், பின்வார் உள்ள செருப்பு. கடல்சொறி (ஜெல்லிமீன்) பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், கடல் தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எதையும் எடுக்கவோ வாங்கவோ கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இவற்றுக்கு உண்டு. கடையில் விற்கிறார்களே என்று வாங்கினால் மாட்டுவது நீங்கள். கருவாடும் பனங்கற்கண்டும் வாங்குங்கள், ஊருக்கும் நல்லது.

இரண்டு நாள் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

பிப்ரவரி, மார்ச் என்றால்: முதல் நாள் விடிகாலை பாம்பன் கரை, அடுத்துக் குந்துகாலில் படகு. மதியம் மண்டபம் முகாமில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கடல் உயிர்க் காட்சியகம். காலையில் கடலில் பார்த்ததற்கெல்லாம் அங்கே பெயர் தெரிந்துகொள்ளலாம். மாலை தனுஷ்கோடி, இருட்டுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும். இரண்டாம் நாள் காலை காரங்காடு, வழியில் தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாண நவக்கிரகக் கோயில்.

ஜூன், ஜூலை என்றால் காரங்காட்டை முதல் நாள் வைத்து, குந்துகாலைக் காற்று அனுமதித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுங்கள். ஒரு காலை கையில் மிச்சம் வைத்திருப்பது இங்கே ரொம்ப முக்கியம்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

கூடாது. உச்சிப்புளியில் 'ஐஎன்எஸ் பருந்து' என்ற கடற்படை விமானத் தளம் இருக்கிறது, கரை முழுக்க எல்லைப் பாதுகாப்புப் பகுதி.

படகு ரத்து என்று சொல்லிவிட்டால்?

வாக்குவாதம் செய்யாதீர்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலோ, மீன்வளத்துறை டோக்கன் கொடுக்காமல் நிறுத்தினாலோ, பிறந்ததிலிருந்து கடலில் இருக்கிறவர்களே கரையில் நிற்கிறார்கள். நீங்கள் வந்த அன்று வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம், காற்று மட்டும் கூடியிருக்கும். அதுவே போதுமான காரணம்.

கடலில் ஏதாவது ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது?

இந்தியக் கடலோரக் காவல்படை 1554. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. ஏறுவதற்கு முன்பே இரண்டையும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துறையில் ஏறுகிறீர்கள், எத்தனை பேர், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் தங்கியிருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நடுக்கடலில் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். சில இடங்களில் இலங்கை நிறுவனத்தின் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்து வையுங்கள்.